ஆற்றுக்குப் போகும் இரண்டு வழிகள்

இந்த மாதப் பாடம் கொஞ்சம் நாற்றம் பிடித்த விஷயம். ஆனால் நம் எல்லார் வீட்டிலும் தினமும் நடக்கிற விஷயம்தான்.

கோலாலம்பூர், பந்தாய் டாலாமில் ஒரு பூங்கா இருக்கிறது. மேலே பிள்ளைகள் விளையாடுவார்கள். கீழே, மண்ணுக்கு அடியில், பந்தாய் 2 கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடிக்கொண்டிருக்கும். மலேசியாவின் முதல் நிலத்தடி ஆலை இது. 2017-இல் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 320,000 கன மீட்டர் நீரைச் சுத்தம் செய்யும் திறன் கொண்டது. ஒருவருக்கு நாளைக்கு 225 லிட்டர் என்பது நம் நாட்டுக் கணக்கு. வகுத்துப் பாருங்கள், 14 லட்சம் பேரைத் தாண்டும்!

உள்ளே என்ன நடக்கிறது?

1. கம்பி வலையில் துணி, பிளாஸ்டிக் எல்லாம் சிக்கும்.
2. மணலும் எண்ணெயும் பிரிக்கப்படும்.
3. அடுத்து பாக்டீரியாவின் வேலை. காற்று ஊதும் தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். அந்த நீரில் ஒரு பகுதி காற்று ஊதாத தொட்டிக்குத் திரும்பும். அங்கே வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும்.
4. கசடு அடியில் படியும். தெளிந்த நீர் கிள்ளான் ஆற்றுக்குப் போகும்.

அம்மோனியாவுக்கு ஏன் இத்தனை பாடு?

தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலே போதும் என்று நானும் நினைத்தேன். அது தப்பு. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் வெயிலில் 1 லிட்டர் ஆற்று நீரில் கரைந்திருப்பதோ அதிகபட்சம் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான். ஆக, 1 லிட்டர் கழிவுநீரில் 10 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருந்தால், அது கிட்டத்தட்ட 6 லிட்டர் ஆற்று நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன் எதைச் சுவாசிக்கும்? அந்த வேலையை ஆலைக்குள்ளேயே முடித்துவிட்டால் ஆறு பிழைக்கும்.

அப்படியானால் ஆறு ஏன் இன்னும் கலங்கலாக இருக்கிறது?

ஆலை தன்னிடம் வந்து சேரும் நீரைத்தான் சுத்தம் செய்யும். ஆற்றுக்கு இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது: லோங்காங். பழைய வீடுகள் பலவற்றில் கழிவறை நீர் மட்டும் குழாய்க்கோ செப்டிக் டாங்குக்கோ போகும். சமையலறை நீர் நேரே லோங்காங்கில் விழும். அங்கிருந்து பெரிய கால்வாய், பிறகு ஆறு. நடுவில் எந்த ஆலையும் கிடையாது.

ஓர் அன்னதானம் முடிந்து கோயில் பின்பக்கம் அண்டா கழுவினோம். சாம்பார், எண்ணெய், சோறு எல்லாம் லோங்காங்கில் போனது. நானும்தான் கழுவினேன். "ஆன்ட்டி, இது ஆற்றுக்குத்தானே போகும்?" என்று கேட்டேன். "காலங்காலமா இப்படித்தான் தம்பி கழுவுறோம்," என்றார். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆற்றைத் தாய் என்று கும்பிடுகிறோம், ஆனால் புண்ணியம் செய்த கையோடு எச்சிலை அவள் மடியில் கொட்டுகிறோம். இதுதான் என் பதில். ஆன்ட்டியைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் வேறு வழி காட்டவில்லை.

நாம் செய்யக்கூடியவை

- அண்டாவில் ஒட்டிய மிச்சத்தை முதலில் வழித்துக் குப்பையில் போடுவோம். பிறகு கழுவுவோம்.
- பொரித்த எண்ணெயை ஆறவைத்து டின்னில் ஊற்றி, மறுசுழற்சிக்குக் கொடுப்போம்.
- கழுவும் நீர், கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி வழியாகக் கழிவுநீர்க் குழாய்க்குப் போக ஏற்பாடு செய்யும்படி கோயில் நிர்வாகத்திடம் பணிவாகக் கேட்போம்.

கலந்துரையாட: உங்கள் வீட்டுச் சமையலறை நீர் எங்கே போகிறது? இன்றைக்கே பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.