ஸ்கூலில் சொல்லலாமா?

கேள்வி: பத்தாவது படிக்கும் மகள் ஒரு மாதமாகச் சரியாகப் பேசுவதில்லை. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. ஸ்கூலில் சொன்னால் பேர் கெட்டுவிடுமோ?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சொல்லுங்கள், ஆனால் ஊருக்கே அல்ல. அவளுக்குப் பிடித்த டீச்சர் ஒருவர் இருப்பார்; மகளிடம் கேட்டுக்கொண்டு அவரைத் தனியாகப் பாருங்கள். 'படிக்க மாட்டேங்கிறா' என்று ஆரம்பித்தால் பேச்சு மார்க்கில் போய் நின்றுவிடும் (நம் ஊரில் எல்லாப் பேச்சும் அங்கேதானே போகிறது). தூக்கம், சாப்பாடு, அவள் விட்டுவிட்ட விளையாட்டு, இவற்றைச் சொல்லுங்கள். ரெக்கார்டு நோட்டுக்குக் கூடுதல் அவகாசம், அழுகை முட்டிக்கொண்டு வந்தால் எழுந்துபோய் உட்கார ஓர் இடம்: இவ்வளவு கேட்டாலே போதும். இந்த மாற்றம் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டதால் மனநல மருத்துவரையும் பாருங்கள். 'டெலி மானஸ்' மனநல உதவி சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 'செத்துடலாம்' என்று ஒரு வார்த்தை வந்தால், பரீட்சை நாளானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.