கோதுமை ஆகாத பிள்ளை

நம்ம லயத்தில் ரொட்டி தட்டாத வீடு ஏது? ஆனால் சீலியாக் என்ற நோயுள்ள பிள்ளைக்குக் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுத்துவிடும். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. வயிறு உப்பும், வயிற்றோட்டம் போகும், வளர்த்தி குறையும்.

சந்தேகப்பட்டு நீங்களாகவே ரொட்டியை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுவரும் நாட்களில் இரத்தம் சோதித்தால்தான் நோய் சரியாகப் பிடிபடும். டாக்டர் உறுதியாகச் சொன்ன பிறகு, வாழ்நாள் முழுக்கக் கோதுமை கூடாது. பாண், பிஸ்கட், ரவையும் அதில் சேர்த்திதான்.

பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது ஏங்கிப்போகும். கல்லில் ஒட்டிய கோதுமை மாவும் கெடுதி. ஆகவே வீட்டுக்கே சோறு, மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பூ போட்ட அரிசி மா ரொட்டி. வெந்நீரில் பிசையுங்கள்; இல்லாவிட்டால் உடைந்துபோகும்.

அப்பாயி ஆசையாய் நீட்டும் பிஸ்கட்டைத் தடுப்பதுதான் பெரும்பாடு! அவரிடமும் பிள்ளைமடுவத்திலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.