வரையாட்டுக்கு 25 கோடியா? ஒரு மெஸ் டேபிள் கணக்கு

போன மாசம் மெஸ்ல ஒரு சண்டை. நண்பன் ஒருத்தன் போனில் செய்தி படிச்சிட்டு, "டேய், ஆட்டுக்கு 25 கோடியாம்டா! நம்ம ஹாஸ்டல் பாத்ரூம் கதவுக்கு தாழ்ப்பாள் போட ஆள் இல்ல"ன்னு ஆரம்பிச்சான். எல்லாரும் சிரிச்சோம். ஆனா கேள்வி நியாயமானதுதான். அது நம்ம அப்பா அம்மா கட்டுற வரிப்பணம். அது எங்கே போகுது, ஏன் போகுதுன்னு கேட்க நமக்கு உரிமை இருக்கு. அன்னைக்கு என்னால பதில் சொல்ல முடியல. அப்புறம் தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

முதலில் ஆடு யாருன்னு பார்ப்போம்

வரை என்றால் மலை, மலைச்சரிவு. அங்கே வாழ்வதால் வரையாடு. நம் மாநில விலங்கு இதுதான். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில், அதுவும் தமிழ்நாடு, கேரளா பகுதிகளில் மட்டுமே காட்டில் வாழ்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று சர்வதேச சிவப்புப் பட்டியல் சொல்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது.

2022 டிசம்பரில் தமிழக அரசு 'நீலகிரி வரையாடு திட்டம்' என்று ஒன்றை அறிவித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 25.14 கோடி ரூபாய். 1975-ல் இந்த ஆட்டைப் பற்றி ஆரம்பகால ஆய்வு செய்த ஈ.ஆர்.சி. டேவிதார் நினைவாக, அக்டோபர் 7 வரையாடு தினம்.

கணக்கு 1: எதால் வகுப்பது?

நண்பன் மெஸ்லயே கால்குலேட்டரை எடுத்து ஒரு வகுத்தல் போட்டான். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள். 25.14 கோடியை 1,303-ஆல் வகுத்தால் ஒரு ஆட்டுக்கு சுமார் 1.93 லட்சம். "ஒரு ஆட்டுக்கு ரெண்டு லட்சமா!"

இப்போ அதே தொகையை 2011 மக்கள்தொகையான 7.21 கோடியால் வகுத்துப் பாருங்க. ஒரு ஆளுக்கு 3 ரூபாய் 49 காசு. அதுவும் ஐந்து வருஷத்துக்கு. வருஷத்துக்கு 70 காசு. கேன்டீன் டீயில் ஒரு மடக்கு கூட வராது.

ரெண்டு விடையும் சரி. ஆனா ரெண்டும் முழுசா சொல்லல. ஏன்னா இந்தப் பணம் ஆட்டுக்குத் தீவனம் வாங்கப் போகல. அது நிற்கும் புல்வெளிக்கும் போகுது. சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்த அந்த மலை உச்சிதான் மழையைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகிறது. பைக்காரா ஆறு முக்குருத்தி பக்கம்தான் பிறக்கிறது. 1930-களிலேயே அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள். குந்தா நீர்மின் திட்டமும் இதே மலைகளின் தண்ணீரை நம்பித்தான். ஆடு அங்கே நிம்மதியாக மேய்ந்தால் புல்வெளி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வகையில் அது ஒரு சென்சார்.

கணக்கு 2: பழைய கடன்

புல்வெளியைக் கெடுத்ததும் பெருமளவு பொதுப்பணம்தான். இதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது. போன நூற்றாண்டில் 'வெறும் புல்தானே, வீணாக் கிடக்கு' என்று நினைத்து நீலகிரி உச்சிகளில் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்களை வனத்துறையே நட்டது. தோல் பதனிட சீகைப் பட்டை, விறகு, ஆலைக்கு மரக்கூழ் என்று காரணங்கள் இருந்தன. அன்றைக்கு அதற்குப் பெயர் வளர்ச்சி. மரம் பரவப் பரவப் புல் சுருங்கியது. ஆட்டுக்கூட்டங்கள் தீவு தீவாகப் பிரிந்தன.

இன்று மேல்பவானியில் அதே மாதிரி இடத்தில் அந்நிய மரங்களை அகற்றி, புல்லை மீட்கும் சோதனை வேலை இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஆனா சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் திரும்பத் திரும்ப முளைக்கும். அதாவது ஒரு தடவை செலவு பண்ணி முடியாது. மெயின்டனன்ஸ் வேணும்.

கணக்கு 3: எண்ணுவது எப்படி?

பணத்தின் இன்னொரு பங்கு கணக்கெடுப்புக்கும், ரேடியோ காலர் போட்டு நடமாட்டத்தைப் பார்ப்பதற்கும், நோயுற்ற ஆடுகளைக் கண்டறிந்து சிகிச்சை தருவதற்கும் போகிறது. செங்குத்தான பாறையில், பனிமூட்டத்தில் ஆட்டை எப்படி எண்ணுவது? கணக்கெடுப்பில் பயன்படும் ஒரு முறை நம்ம ப்ராபபிலிட்டி பாடத்தில் வருவதுதான்.

ரெண்டு குழுக்கள். ஒன்று முன்னே போகும், இன்னொன்று கொஞ்ச நேரம் கழித்து அதே வழியில் போகும். ஒருவர் பார்த்ததை மற்றவரிடம் சொல்லக்கூடாது. உதாரணத்துக்கு, முதல் குழு 20 கூட்டங்களைப் பார்த்தது, இரண்டாவது 18. இரண்டு பேரும் பார்த்தவை 15. இரண்டாவது குழு பார்த்த 18-ல் 15-ஐ முதல் குழு பிடித்திருக்கிறது. அதன் கண்டுபிடிக்கும் திறன் 15/18. எனவே மொத்தம் 20 × 18 ÷ 15 = 24. யார் கண்ணிலும் படாத கூட்டமும் கணக்கில் வந்துவிடுகிறது!

இங்கே ஒரு எச்சரிக்கை. 2024-ல் 1,031, 2025-ல் 1,303. ஒரே வருஷத்தில் 26 சதவீத வளர்ச்சி என்று கொண்டாட வேண்டாம். ஆய்வுப் பகுதிகள் 140-லிருந்து 177 ஆகக் கூடின. தேடிய இடம் கூடினால் எண்ணிக்கையும் கூடும். ஆடு பொதுவாக ஒரு ஈற்றில் ஒரு குட்டிதான் போடும். உண்மையான போக்கு தெரிய, அதே இடத்தில் அதே முறையில் பல வருஷம் எண்ணணும்.

அப்போ முள்ளெலிக்கு?

அழகான, பெரிய விலங்குக்குப் பணம் சுலபமாகக் கிடைக்கும். 1973-ல் 9 காப்பகங்களோடு தொடங்கிய புலித் திட்டம் இன்றும் நடக்கிறது. பெயரே தெரியாத உயிர்களுக்கு? இங்கேயும் ஒரு சின்ன ஆரம்பம் உண்டு. தமிழக அரசு நான்கு இனங்களுக்கு மொத்தம் 1 கோடி ஒதுக்கியது: சோலைமந்திக்கு 48.5 லட்சம், முள்ளெலிக்கு 20.5 லட்சம், காவிரிப் படுகைக்கே உரிய மகசீர் மீனுக்கு 17 லட்சம், கழுதைப்புலிக்கு 14 லட்சம். நம்ம தென்மாவட்டத் தேரிக்காட்டுப் பக்கம் இருக்கும் முள்ளெலியை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கோம்?

கடைசியா

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, 25 கோடி அதிகமில்ல. ஆனா 2027-ல திட்டம் முடிஞ்சதும் சீகை திரும்ப முளைச்சா யாரு புடுங்குவா?"ன்னு கேட்டான். முதல் நாள் கேட்டதை விட இது நல்ல கேள்வி. பதில் என்கிட்ட இல்ல. அடுத்த பட்ஜெட்களில்தான் இருக்கு. 'ஆட்டுக்கு எதுக்கு இவ்வளவு'ன்னு கேட்பதை விட, 'ஆறாவது வருஷத்துக்கு எவ்வளவு'ன்னு நாம கேட்கலாம்.

ஒரு வீட்டுப்பாடம்: நம்ம கேம்பஸ் மயில்களை ரெண்டு குழுவாகப் பிரிந்து, மேலே சொன்ன முறையில் எண்ணிப் பாருங்க. விடையை எங்களுக்கு அனுப்புங்க. பாத்ரூம் தாழ்ப்பாள் இன்னும் வரல. அதுக்கும் சேர்த்தே கேட்போம்.