சாவி கைமாறும் முன்

சுந்தரபாண்டியபுரம்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நம் கோவில் அறங்காவலர் பொறுப்பை ஏற்பது பற்றி "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நீ போனில் சொன்னதிலிருந்து ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் அவனிடம் சொல்லியிருப்பேன்.

சட்டம் உன் பக்கம்தான் இருக்கிறது. 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டம், 54-ஆம் பிரிவு: பரம்பரை அறங்காவலர் பதவி காலியானால் வாரிசு வரிசையில் அடுத்தவருக்கு உரிமை. அந்த வரிசையிலேயே தகராறு வந்தால் அறநிலையத் துறை நியமிக்கும் தக்கார் வந்து உட்காரலாம். நம் வீட்டில் அதுதானே நடந்தது? தாத்தா பெட்டிச் சாவியை இடுப்பில் முடிந்தபடியே போய்ச் சேர்ந்தார். எந்த வயல் யார் குத்தகை, எத்தனை கோட்டை நெல் பாக்கி, எல்லாம் அவர் மனக்கணக்கு. பதினாறாம் நாள் முடிவதற்குள் இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு வக்கீலைப் பிடித்தார்கள். அத்தை வீட்டார் இன்றைக்கும் நம் வாசல் மிதிப்பதில்லை. ஒரு நோட்டு இருந்திருந்தால் இந்தப் பகை ஏது?

அதனால் கணக்கில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரசீது கிழித்த அன்றே பதிந்துவிடு. கோவில் பணமும் வீட்டுப் பணமும் ஒரு ராத்திரிகூட ஒரே பெட்டியில் தங்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு மேல் நிலத்தைக் குத்தகைக்கு விட ஆணையர் அனுமதி வேண்டும், 34-ஆம் பிரிவு. பழைய குத்தகைச் சீட்டுகளில் திருநெல்வேலி ஜில்லா என்றிருக்கும், குழம்பாதே. தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்தான்.

கணக்கு மட்டும் போதாது, ஆளும் நேரில் வர வேண்டும். சிங்கம்பட்டி ராஜாவை நினைத்துக்கொள். சின்னஞ்சிறு வயதில் பட்டம் கட்டியவர், 2020 மே மாதம் காலமானார். ஜமீன் ஒழிந்த பிறகும் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் ராஜ உடையில் வந்து உட்காருவார். வந்து உட்கார்ந்தாரே, அதற்குத்தான் ஜனம் மரியாதை கொடுத்தது. குத்தகைக்காரர்களுக்கும் அர்ச்சகருக்கும் உன் முகம் தெரிய வேண்டும் அம்மா.

சென்னையில் இருந்தபடியே ஆள் வைத்து நடத்தலாம். கார் அறுப்பு தொடங்கிப் பிசானம் களம் ஏறும்வரை என்னோடு இங்கே இருந்தும் பழகலாம். முடிவு உன்னுடையது. ஆள் வைத்து நடத்திய கோவில் கட்டளைகளில் விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ரொம்பப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நம் குடும்பத்தில் உன்னைப் போல நிதானம் யாருக்கும் இல்லை. உன் வயதில் எனக்கு அதில் பாதிகூடக் கிடையாது. சாரல் விழுந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. அருவியில் ஆசைதீரக் குளியுங்கள். பெரியம்மா உளுந்தங்களி கிண்டித் தருவாள். நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், என் தங்கமே.

ஆசிகளுடன்,
பெரியப்பா