சேலை போகும், சட்டை வரும்: சுங்கம் பற்றிச் சில குறிப்புகள்

சித்தூர், நகரி, திருப்பதி பக்கம் பல வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். இங்கிருந்து சேலை போகிறது, அங்கிருந்து சட்டை வருகிறது. நடுவில் வரி எங்கே விழும் என்று தெரிந்துகொண்டால் செலவு குறையும்.

1. வெளிநாட்டுத் தளத்தில் துணி வாங்கும்போது, பணம் கட்டும் பக்கத்தில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேரவில்லை என்றால் வரியும், கூரியர்காரர் அதற்காக வாங்கும் கட்டணமும் பார்சல் வரும்போது உங்கள் தலையில்தான்.

2. நம் சுங்கத்துறை துணியின் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. சட்டை 2,000 ரூபாய், அனுப்பும் செலவு 1,500 என்றால் 3,500 ரூபாய்க்குத்தான் வரிக் கணக்கே. காப்பீடு இருந்தால் அதுவும் சேரும். சுங்கத்தைக் கூட்டிய தொகைக்கு மேல் ஜிஎஸ்டி.

3. “பரிசு என்று எழுதச் சொன்னால் வரி இல்லை” என்பது பழைய கதை. 2019 டிசம்பரிலேயே அந்தச் சலுகை போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. மாமா அனுப்பும் ஜீன்ஸுக்கு முழு வரி உண்டு.

4. கூரியரில் வந்தால் அடையாளச் சான்று கேட்பார்கள். ஆர்டரில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

5. இனி அமெரிக்காவுக்கு அனுப்புவது. 800 டாலர் வரை வரியில்லாமல் போன காலம் 2025 ஆகஸ்ட் 29-உடன் முடிந்தது. அந்தக் குழப்பத்தில் நம் தபால் துறை அமெரிக்கப் பார்சலையே நிறுத்திவைத்து, அக்டோபர் 15-இல்தான் மறுபடி தொடங்கியது. அப்போது விகிதம் 50 சதவீதம். 12,000 ரூபாய் வெங்கடகிரிச் சேலைக்கு 6,000 ரூபாய் வரி! அதை இங்கேயே, தபால் நிலையத்திலேயே கட்டிவிட வேண்டும். இது ஒருவகையில் நல்லதுதான். அங்கே மருமகள் கதவைத் திறந்ததும் பில் நீட்ட மாட்டார்கள். அந்த ஏற்பாட்டில் தபாலுக்கு இந்த ஒரே வரிதான். கூரியரில் போனால் துணிக்கென்று உள்ள வழக்கமான வரியும் சேரும். விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் அனுப்பும் அன்றே கவுண்டரில் கேளுங்கள்.

6. உண்மையான பரிசு என்றால், ஒருவருக்கு ஒரு நாளில் 100 டாலர் மதிப்பு வரை அமெரிக்காவில் வரி விலக்கு உண்டு. தீபாவளிக்கு ஒரு சாதாரணப் பருத்திச் சேலை இதில் அடங்கிவிடும், பட்டு பெரும்பாலும் அடங்காது. விற்பனைச் சரக்கைப் பரிசு என்று எழுதாதீர்கள். பிரிட்டனில் பரிசுக்கான எல்லை 39 பவுண்டுதான்.

7. படிவத்தில் வெறுமனே “துணி” என்று எழுதினால் தாமதம். “கைத்தறிப் பருத்திச் சேலை, 1, விலை இவ்வளவு” என்ற அளவுக்கு ஆங்கிலத்தில் எழுதி, கடை பில்லின் நகலை வையுங்கள். விலையைக் குறைத்து எழுதினால், பார்சல் தொலைந்தாலும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் இழப்பீடு கேட்கலாம்.

8. காளஹஸ்தி கலம்காரி போன்ற விலை கூடியவற்றுக்கு, ஊருக்கு வந்து திரும்பும் பிள்ளையின் பெட்டிதான் நல்ல வழி. அமெரிக்காவில் குடியிருப்பவர் கையோடு கொண்டுபோகும் பொருளுக்குப் பொதுவாக 800 டாலர் வரை சலுகை தொடர்கிறது.

9. அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் கட்டிய வரி தானாகத் திரும்பாது. வாங்கும் முன்பே அளவுப் பட்டியலைப் பாருங்கள்.

10. “உங்கள் பார்சல் சுங்கத்தில் மாட்டியிருக்கிறது, இந்தக் கணக்கில் உடனே பணம் போடுங்கள்” என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். சுங்கத்துறை தனியார் கணக்குக்குப் பணம் கேட்காது. ஏற்கெனவே போட்டுவிட்டால் தயங்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.