5.5 அடி என்றால் 5 அடி 5 அங்குலமா?

வீட்டு வரைபடம் மில்லிமீட்டரில் வருகிறது. தச்சரோ அடி, அங்குலத்தில் கேட்கிறார். எக்செலில் மாற்றும்போது கவனம் தேவை.

ரயில்வேயில் நான் பழகிய அகலப்பாதையையே பாருங்கள். தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர், ஏறத்தாழ 5.5 அடி. இதை 5 அடி 5 அங்குலம் என்று படித்தால் 25 மில்லிமீட்டர் குறையும். சக்கரம் பாதையில் அமராது. அடிக்கு 12 அங்குலம் அல்லவா? 0.5-ஐ 12-ஆல் பெருக்கினால் 6. ஆக, 5 அடி 6 அங்குலம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கதவு உயரம் 2130 மில்லிமீட்டர் என்போம். 304.8-ஆல் வகுத்தால் 6.988 அடி. 6 அடியைத் தனியே எடுத்து, மீதியை 12-ஆல் பெருக்கினால் 11.86. இதை முழு எண்ணாக்கினால் 6 அடி 12 அங்குலம் என்று வரும்! ஆகவே முதலில் மொத்த அங்குலத்தை முழு எண்ணாக்கி, பிறகுதான் பிரிக்க வேண்டும்.

ஏ2: 2130 (மில்லிமீட்டர்)
பி2: =ரவுண்ட்(ஏ2/25.4,0) மொத்த அங்குலம் 84
சி2: =இன்ட்(பி2/12) அடி 7
டி2: =மாட்(பி2,12) மீதி அங்குலம் 0

இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கால் அங்குலம் வரை துல்லியம் வேண்டுமானால் பி2-இல் =ரவுண்ட்(ஏ2/25.4*4,0)/4 என்று மாற்றினால் போதும். அறுத்த மரம் மீண்டும் வளராது. கணக்கை முன்னரே சரிபார்ப்பது நல்லது.