காலி கோபுரத்திற்கு அப்பால்

தியானத்தில் அமர்ந்த பிறகுதான் மனம் அதிகமாக அலைகிறது என்று சாதகர் பலர் வருந்துவதுண்டு. 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பதியில், அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறியவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர்; 3,550 படிகள். தொடக்கத்தில் ஏற்றம் கடுமையானது. மூச்சு வாங்கும், அடுத்த படியைத் தவிர வேறெதுவும் நினைவில் நில்லாது. மனம் அடங்கிவிட்டது என்றே தோன்றும். காலி கோபுரத்தைக் கடந்தபின் பாதை பெரும்பாலும் சமமாகிறது. உடனே வீட்டுக் கணக்கும், அலுவலகப் பிணக்கும், தரிசன வரிசை எவ்வளவு நீளமோ என்ற கவலையும் திரும்பிவிடுகின்றன! களைப்பு அவற்றை மறைத்திருந்தது, அவ்வளவே.

தெலுங்கில் 'காலி' என்றால் காற்று. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனனும் மனத்தைக் காற்றுக்கே ஒப்பிடுகிறான். அதை அடக்குவது அரிது என்பதைக் கண்ணபிரான் மறுக்கவில்லை. பயிற்சியாலும் பற்றின்மையாலும் இயலும் என்கிறார்.

எண்ணங்களை விரட்ட முனைவதும் ஓர் எண்ணமே. ஆகவே சுவாசத்தையோ இஷ்ட நாமத்தையோ பற்றியிருங்கள். மனம் நழுவியதை உணர்ந்த கணத்தில், உங்களைக் கடிந்துகொள்ளாமல் திரும்புங்கள். நாற்பது முறை நழுவினால் நாற்பது முறை திரும்புங்கள், இதுவே பயிற்சி. பற்றின்மை இதனினும் கடினம். சுவையான எண்ணம் ஒன்று வரும்போது, 'இதை முடித்துவிட்டு வருவோம்' என்று மனம் கெஞ்சும். முடிக்காமலே விட்டுவர வேண்டும்.

அடுத்த முறை மலையேறும்போது, முழங்கால் முறிச்சான் ஏற்றம் வரும்வரை காத்திராமல், சமபாதையிலேயே நாமத்தோடு நடந்து பாருங்கள்.